மேசைவழிப் பாத்திரமேற்பு விளையாட்டு முன்னோடியின் மறைவும் ஆட்டக்காரர் இரங்கல் மரபும்

ஆய்வுச்சுருக்கம்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசைவழிப் பாத்திரமேற்பு விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ் 2008 மார்ச் 4ஆம் நாள் மறைந்தார். மற்றொருவரான டேவ் ஆர்னெசன் 2009 ஏப்ரல் 7ஆம் நாள் மறைந்தார். பதின்மூன்று மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு மறைவுகளுக்கும் அவ்விளையாட்டின் ஆர்வலர்கள் இரங்கிய முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விரங்கல் விளையாட்டின் விதிமொழியிலேயே அமைந்தமை, நகைச்சுவை அதில் பெற்ற இடம், கூடி ஆடுதலே அஞ்சலியாக நிலைபெற்றமை, முன்னோடி யார் என்னும் வினா இரங்கலின்போது மீண்டும் எழுந்தமை ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. தமிழ்ப் புறத்திணை மரபின் கையறுநிலைத் துறை, ஒப்புநோக்குக் கருவியாக அளவோடு கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன், இரங்கல், கூட்டுப் புனைவு, கையறுநிலை.

முன்னுரை

ஒரு கலைஞர் மறையும்போது அவர்தம் படைப்பு எஞ்சி நிற்கிறது. பாடகர் மறைந்தால் ஒலிப்பதிவும், நடிகர் மறைந்தால் திரைப்படமும், புலவர் மறைந்தால் நூலும் நிற்கின்றன. இரங்குவோர் அப்படைப்பை மீண்டும் கேட்டும் கண்டும் படித்தும் ஆறுதல் பெறுகின்றனர். இவ்வுறவில் ஆர்வலர் பெரும்பாலும் நுகர்வோர் நிலையிலேயே உள்ளனர்.

பாத்திரமேற்பு விளையாட்டை உருவாக்கியவரின் நிலை வேறு. அவர் விட்டுச்செல்வது விதிகளின் தொகுப்பு. அவ்விதிகளைக் கொண்டு கதையைப் படைப்போர் ஆட்டக்காரர்களே. ஒவ்வொரு மேசையிலும் பிறந்த கதை அம்மேசைக்கே உரியது. உருவாக்கியவர் அதனை அறிந்திருக்கவும் மாட்டார். அவ்வாறாயின், அவரை நேரில் காணாத பல்லாயிரவர் அவர் மறைவை எவ்வாறு தமக்கு நேர்ந்த இழப்பாகக் கொண்டனர்? எத்தகைய மொழியில் அதனை வெளிப்படுத்தினர்? இவ்வினாக்களுக்கு விடை காண விளையாட்டின் இயல்பையும் தோற்றத்தையும் முதலில் அறிதல் வேண்டும்.

விளையாட்டின் இயல்பு

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் ஆட்டநடத்துநர். ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பது அவருக்கு வழங்கும் பெயர். பாழடைந்த கோட்டை, அதன் அடியில் இறங்கும் படிக்கட்டு, இருளில் கேட்கும் ஓசை என அவர் ஒரு சூழலைச் சொற்களால் எழுப்புகிறார். மற்றையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அச்சூழலில் அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதைக் கூறுகின்றனர். கதவைத் திறப்பதா, திரும்பிச் செல்வதா என்பது அவர்கள் முடிவு. செயலின் விளைவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டப்படுகிறது.

அறுமுகப் பகடையோடு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகளும் இதற்குப் பயன்படுகின்றன. தொடக்கக் காலத்தில் இவை கல்விக் கருவி விற்பனையாளர்களிடமிருந்து பெறப்பட்டன. வடிவியல் வகுப்பிற்காகச் செய்யப்பட்ட சீர்திண்மங்கள் கற்பனை மாந்தரின் ஊழை முடிவு செய்யும் பொருள்களாயின. இவற்றுள் இருபதுமுகப் பகடை பின்னாளில் இவ்விளையாட்டின் அடையாளச் சின்னமாகவே ஆயிற்று.

இவ்விளையாட்டில் வென்றவர், தோற்றவர் என்னும் பிரிவு இல்லை. ஓர் ஆட்டம் பல மாதங்களோ பல ஆண்டுகளோ தொடரலாம். ஆட்டம் முடிந்தபின் எஞ்சுபவை அழித்தழித்து எழுதிய எண்களுடன் கூடிய பாத்திரத் தாள்களும், கட்டத்தாளில் வரைந்த வரைபடங்களும், உடனிருந்தோர் நினைவுமே. எழுதா வாய்மொழிக் கதைபோல, கூறியோரும் கேட்டோரும் உள்ளவரையே அது வாழ்கிறது. நூலைப் போற்றும் வாசகரின் இரங்கலிலிருந்து இச்சமூகத்தின் இரங்கல் வேறுபடுவதற்கு இவ்வியல்பே முதற்காரணம்.

பாத்திரத்தின் இறப்பு இவ்விளையாட்டில் இயல்பான நிகழ்வு என்பதும் இங்குக் கருதத்தக்கது. நஞ்சு, மந்திரம், அரக்கப் பாம்பின் தீமூச்சு ஆகியவற்றுக்கு ஆளாகும் பாத்திரத்திற்கு இறுதி வாய்ப்பாக ஒரு பகடை வீச்சு வழங்கப்படும். ‘சேவிங் த்ரோ’ எனப்படும் இதனைக் காப்பு வீச்சு எனலாம். குறித்த எண் விழுந்தால் பாத்திரம் தப்பும், விழாவிடின் மாயும். பல மாதம் பேணிய பாத்திரம் ஒரே வீச்சில் மாயும்போது மேசையில் திகைப்பும் துயரும் எழும். சற்று நேரத்தில் சிரிப்பும் எழும். பின்னர் அந்த ஆட்டக்காரர் புதிய தாளை எடுத்துப் புதிய பாத்திரத்தை வகுப்பார், ஆட்டம் தொடரும். இறப்பை எதிர்கொள்ளும் ஒரு சிறு முறைமையை ஆட்டக்காரர்கள் தம்மையறியாமலே இவ்வாறு பயின்றிருந்தனர்.

தோற்றமும் இருவர் பங்களிப்பும்

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938 ஜூலை 27ஆம் நாள் சிகாகோவில் பிறந்தார். இளமையிலேயே அவர் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்யாத அவர், காப்பீட்டு நிறுவனப் பணியில் இருந்தார். 1970இல் அப்பணியை இழந்தபின் வீட்டிலேயே காலணி செப்பனிடும் தொழில் செய்தார். சிற்றுருவங்களைப் படைகளாக நிறுத்தி ஆடும் போர் உருவக விளையாட்டுகளில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. 1968இல் லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மன்றக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து அவர் கூட்டிய ஆர்வலர் சந்திப்பே ‘ஜென் கான்’ என்னும் பெயரில் இன்றளவும் தொடரும் பெருங்கூடலாக வளர்ந்தது. ஜெஃப் பெரனுடன் இணைந்து அவர் எழுதிய ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போர் விதிநூல் 1971இல் வெளிவந்தது. மந்திரவாதிகளும் அரக்கப் பாம்புகளும் இடம்பெறும் பிற்சேர்க்கை ஒன்று அந்நூலில் இருந்தது.

மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகர்ப் பகுதியில் மற்றொரு குழு இயங்கியது. அக்குழுவைச் சார்ந்த டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் ஆட்டத்தில், ஆட்டக்காரர்கள் படைகளை நடத்துவதற்கு மாறாகத் தனித்தனி மனிதர்களாகப் பங்கேற்றனர். அக்குழுவின் டேவ் ஆர்னெசன் இவ்வுத்தியை மேலும் வளர்த்தார். ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டையும் அதன் கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கங்களையும் படைத்து, ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு பாத்திரம் எனவும், அப்பாத்திரம் பட்டறிவால் ஆட்டத்திற்கு ஆட்டம் வளரும் எனவும் வகுத்தார்.

1972இன் பிற்பகுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து இவ்வாட்டத்தை நடத்திக் காட்டினார். அதன் ஆற்றலை உடனே உணர்ந்த கைகாக்ஸ் விதிகளை விரித்து எழுதலானார். ‘கிரேஹாக்’ என்னும் தம் கோட்டையை அமைத்து, முதலில் தம் பிள்ளைகளையே ஆட்டக்காரர்களாகக் கொண்டு சோதித்தார். பதிப்பகங்கள் முன்வராத நிலையில், இளமை நண்பர் டான் கேயுடன் இணைந்து 1973இல் டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக முதற்பதிப்பு ஆயிரம் படிகள் வெளிவந்தது. பெட்டியின் மீது கைகாக்ஸ், ஆர்னெசன் இருவர் பெயரும் இடம்பெற்றன. பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் சொல் அதில் இல்லை. போர் உருவக விளையாட்டு விதிகள் என்றே அது தன்னை அறிமுகப்படுத்தியது. புதிய கலைவடிவம் ஒன்று பெயர் பெறுவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

முதற்பதிப்பின் நிறைவுப் பகுதி, ஐயம் எழுமிடங்களில் ஆட்டக்காரர்கள் தாமே முடிவு செய்து தம் கற்பனைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தை முன்வைத்தது. பின்னர் 1977 முதல் 1979 வரை வெளிவந்த விரிவான விதிநூல்களில் கைகாக்ஸ் ஒருமைப்பாட்டை வலியுறுத்தினார். விதியிலிருந்து விலகுவோரைக் கடிந்தும் எழுதினார். கற்பனைக்குத் திறவுகோல் தந்தவர், விதியைக் காக்க முயன்றவர் என்னும் இரு முகங்களும் அவருக்கு உண்டு. அவர் மறைந்தபோது பெரிதும் போற்றப்பட்டது முதல் முகமே. இரங்கல் நினைவைத் தேர்ந்தெடுக்கும் செயலும் ஆகும் என்பதற்கு இது சான்று.

பழி சுமந்த ஆண்டுகள்

2008ஆம் ஆண்டின் இரங்கலைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஒரு காயத்தையும் அறிய வேண்டும். 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனார். பல்கலைக்கழகத்தின் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் அவர் இவ்விளையாட்டை உண்மையாகவே ஆடச் சென்று சிக்கியிருக்கலாம் என்னும் ஊகம் நாளிதழ்களில் பரவியது. ஊகம் பொய்த்தது; மாணவரின் துயர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆயினும் இளைஞர் மனத்தைக் கெடுக்கும் ஆட்டம் என்னும் பழி நிலைத்துவிட்டது. இதனைப் பின்புலமாகக் கொண்ட புதினம் 1981இலும், அதன் தொலைக்காட்சித் திரைப்பட வடிவம் 1982இலும் வெளிவந்தன. 1983இல் இவ்விளையாட்டை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பு தோன்றியது. சாத்தான் வழிபாடு, தற்கொலை ஆகியவற்றுக்கு இவ்வாட்டம் இட்டுச்செல்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. 1985இல் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கைகாக்ஸ் தோன்றி இக்குற்றச்சாட்டை மறுத்தார்.

அக்காலத்தில் சிறுவராக இருந்து ஆடியோர் பலர் பெற்றோரின் ஐயத்திற்கும் பள்ளித் தோழரின் ஏளனத்திற்கும் ஆளாயினர். வீட்டின் நிலவறைகளிலும் நூலகத்தின் மூலைகளிலும் ஆடினர். வளர்ந்தபின் அவருள் சிலர் எழுத்தாளராகவும் கணினி விளையாட்டு வடிவமைப்பாளராகவும் தொலைக்காட்சிக் கலைஞராகவும் ஆயினர். எனினும் தாம் ஆடியதை வெளிப்படையாகக் கூறத் தயங்கியவரும் உண்டு. கைகாக்ஸின் மறைவு அத்தயக்கத்தை உடைக்கும் வாயிலாயிற்று. அவருக்காக வருந்துவதாகப் பலரறியக் கூறுதல், ‘நானும் அம்மேசையில் அமர்ந்தவனே’ என்று அறிவித்தலும் ஆயிற்று. இரங்கலோடு தன்னறிவிப்பும் இங்கு ஒன்றிணைந்தது.

2008 மார்ச்: இரங்கலின் வடிவங்கள்

கைகாக்ஸ் 1985இல் தம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அதிலிருந்து முற்றிலும் விலகினார். பின்னரும் புதிய விளையாட்டுகளை எழுதிவந்தார். 2004இல் பக்கவாதம் தாக்கியபின் உடல்நலம் குன்றிய அவர், 2008 மார்ச் 4ஆம் நாள் லேக் ஜெனீவாவிலுள்ள தம் இல்லத்தில் அறுபத்தொன்பதாம் வயதில் காலமானார். இதனைத் தொடர்ந்து எழுந்த இரங்கல்களை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம்.

அ. விதிமொழியில் இரங்கல்: அவர் காப்பு வீச்சில் தவறிவிட்டார் என்னும் பொருள்படும் தொடர் எங்கும் பரவியது. வெளியார் காதில் இது கேலியாகவே ஒலித்தது. ஆயின் ஆட்டக்காரர்க்கு இறப்பைக் குறிக்க வழங்கிய பொதுமொழி இதுவே. தம் பாத்திரங்கள் மாய்ந்த ஒவ்வொரு முறையும் அவர்கள் இத்தொடரைச் சொல்லியிருந்தனர். உருவாக்கியவரையும் அதே தொடரால் குறித்தபோது, அவர் வகுத்த விதிக்கு அவரும் விலக்கல்லர் என்னும் கசப்பும், அவரும் தம்முள் ஒருவரே என்னும் உரிமையும் ஒருங்கே வெளிப்பட்டன.

ஆ. கலைவழி இரங்கல்: இவ்விளையாட்டின் விதிகளையே களமாகக் கொண்ட ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்னும் சித்திரத் தொடர் அவருக்கெனத் தனி அஞ்சலிப் பக்கம் ஒன்றை வெளியிட்டது. ‘எக்ஸ்.கே.சி.டி.’ என்னும் சித்திரத் தொடர், மரணத்தோடு ஆடும் இறுதி விளையாட்டு என்னும் பழங்கருவை எடுத்துக்கொண்டு, சதுரங்கத்தின் இடத்தில் பாத்திரமேற்பு விளையாட்டை வைத்தது. இளமை முதல் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்ட தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர், மார்ச் 5ஆம் நாள் நிகழ்ச்சியின் நிறைவுப் பகுதியைக் கைகாக்ஸுக்கு உரித்தாக்கினார். ‘ஃபியூச்சராமா’ தொடரின் 2000ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் கைகாக்ஸ் தம் குரலிலேயே தோன்றியிருந்தார். ஒருவரைச் சந்திப்பது தமக்கு மகிழ்ச்சி தருகிறதா என்பதையும் பகடை உருட்டி அறிந்தபின்னரே கூறுபவராக அதில் அவர் சித்திரிக்கப்பட்டார். 2008இன் பிற்பகுதியில் வெளிவந்த அத்தொடரின் திரைப்படம் அக்காட்சியை மீண்டும் காட்டி அவருக்கு அஞ்சலி செலுத்தியது. தம்மைத் தாமே நகையாடிக்கொண்டவரை நகையாடியே நினைத்தல் இரங்கலுக்கு மாறானது ஆகாது.

இ. கணினி உலகில் நினைவிடம்: மேசைவழி விளையாட்டின் கூறுகளான பாத்திர நிலைகள், அனுபவப் புள்ளிகள், உயிர்ப்புள்ளிகள் ஆகியன கணினி விளையாட்டுகளில் பரவலாக எடுத்தாளப்பட்டவை. அக்கடனை அத்துறையினர் இப்போது வெளிப்படையாக ஏற்றனர். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டின் அவ்வாண்டுப் புதுப்பிப்பு ஒன்று கைகாக்ஸின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் இணையவழி வடிவத்தில், தெலேரா என்பாளின் கல்லறையைக் களமாகக் கொண்ட கதைப்பகுதிக்கு அவர் முன்னரே ஆட்டநடத்துநராகக் குரல் கொடுத்திருந்தார். அக்கல்லறைக் களத்திலேயே அவருக்கு நினைவுப் பீடம் ஒன்றும் அமைக்கப்பட்டது. மறைந்தவரின் குரல் ஆட்டக்காரரை வழிநடத்தும் இடத்திற்கு அருகிலேயே அவரது நினைவிடமும் இருப்பது, வேறெக்கலையிலும் எளிதில் காணவியலாத அமைப்பு.

ஈ. ஆடுதலே அஞ்சலி: இந்நான்கனுள் தலையாயது இதுவே. இறுதிச் சடங்கிற்குப் பின் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆர்வலர்களும் லேக் ஜெனீவாவிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியன் மன்றத்தில் கூடினர். மேசைகளில் அமர்ந்து ஆடினர். திட்டமிட்டுத் தொடங்கிய விழாவன்று அது. ஆயினும் மறு ஆண்டு முதல் ‘கேரி கான்’ என்னும் பெயரில் ஆண்டுதோறும் அவ்வூரில் நிகழும் கூடலாக அது வளர்ந்தது. 1968இல் அவர் ஆர்வலரைக் கூட்டிய அதே ஊரில், அவரில்லாமல், அவர் பொருட்டு மீண்டும் மேசைகள் போடப்பட்டன. லேக் ஜெனீவாவின் தோனியன் பூங்காவில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப 2011இல் நகர நிர்வாகம் இடம் ஒதுக்க இசைந்தது. சிலை நிதியையும் அனுமதியையும் வேண்டி நிற்பது. ஆட்டத்திற்கோ ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதும். எனவே அந்த அஞ்சலி சடங்கு முடிந்த அன்றே தொடங்கிவிட்டது.

இவற்றோடு, இரங்கலுக்கு முன்பே அமைந்துவிட்ட ஒரு நினைவுமுறையும் உண்டு. கைகாக்ஸ் தம் மேசையில் ஆடியோரின் பாத்திரப் பெயர்களை மந்திரங்களின் பெயர்களில் பொதிந்து வைத்திருந்தார். ‘டென்சர்’ என்னும் மந்திரவாதி அவர் மகன் எர்னஸ்ட் ஆடிய பாத்திரம். எர்னஸ்ட் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றி அமைத்த பெயர் அது. ‘மோர்டன்கைனன்’ கைகாக்ஸ் ஆடிய பாத்திரம். அப்பெயர் தாங்கிய மந்திரத்தை இன்று எந்நாட்டுச் சிறுவர் ஆட்டத்தில் எடுத்துரைத்தாலும், லேக் ஜெனீவாவின் பழைய மேசை ஒன்றை அறிந்தோ அறியாமலோ நினைவுகூர்கின்றனர். 2018இலும் 2022இலும் வெளிவந்த விதிநூல்களின் தலைப்பிலும் மோர்டன்கைனன் பெயர் இடம்பெற்றது.

ஆர்னெசன் மறைவும் முன்னோடி குறித்த வினாவும்

கைகாக்ஸ் மறைந்தபோது நாளிதழ்கள் பலவும் அவரை இவ்விளையாட்டின் தந்தை என ஒருமையில் குறித்தன. இவ்வொருமை நெடுநாள் பூசல் ஒன்றை மறைத்தது. 1974ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்த ஆர்னெசன் பெயர் 1970களின் இறுதியில் வெளிவந்த விரிந்த விதிநூல்களின் ஆசிரியர் இடத்தில் இல்லை. அந்நூல்களுக்கான உரிமைத்தொகையும் அவருக்கு வழங்கப்படவில்லை. 1979இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981இல் இருதரப்பும் உடன்பட்டன. பெட்டிகளின் மீது இருவரும் இணை உருவாக்குநர் எனக் குறிக்கப்படுவர் என்பது அவ்வுடன்பாட்டின் ஒரு கூறு. சட்டம் தீர்த்த இவ்வழக்கை மக்கள் நினைவு எளிதில் தீர்க்கவில்லை. விதிகளை எழுதி, நிறுவனம் நிறுவி, இதழ்களில் தொடர்ந்து எழுதிய கைகாக்ஸின் பெயரே ஓங்கி ஒலித்தது.

புளோரிடாவின் ஃபுல் செயில் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வடிவமைப்பைப் பயிற்றுவித்துவந்த ஆர்னெசன், புற்றுநோயால் 2009 ஏப்ரல் 7ஆம் நாள் அறுபத்தொன்றாம் வயதில் மறைந்தார். அவருக்கும் முன்னவர்க்குச் செய்தவாறே அஞ்சலி செலுத்தப்பட்டது. ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ தனிப்பக்கம் வெளியிட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ மற்றொரு புதுப்பிப்பை அவருக்கு உரித்தாக்கியது. அவர் குரல் கொடுத்திருந்த திரெனால் இடிபாடுகள் என்னும் இணையவழிக் களத்தில் நினைவுப் பீடம் எழுந்தது. 2010இல் அவர் பயிற்றுவித்த பல்கலைக்கழகத்தில் மாணவர் பணிக்கூடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

இரு இரங்கல்களின் வடிவம் ஒன்றாயினும் பணி வேறு. கைகாக்ஸுக்கான இரங்கல் நன்றியறிதலாக அமைந்தது. ஆர்னெசனுக்கான இரங்கல் நன்றியறிதலோடு திருத்தத்தையும் மேற்கொண்டது. ஒருவர் எழுதித் தந்த விதியையும், மற்றொருவர் ஆடிக் காட்டிய முறையையும் பிரித்தறிய வேண்டிய கடமை ஆர்வலர்க்கு நேர்ந்தது. எழுதியவரே முதல்வர் எனக் கொள்ளும் அச்சுப் பண்பாட்டின் வழக்கம், வாய்மொழியாக நிகழும் ஒரு கலையில் எத்தகைய அநீதியை விளைவிக்கும் என்பதை இவ்விரு மறைவுகளும் அடுத்தடுத்து உணர்த்தின. பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தை நடத்திய வெஸ்லி போன்றோரையும் கணக்கிற் கொண்டால், முன்னோடி என்னும் சொல்லைப் பன்மையில் வழங்குவதே பொருந்தும்.

கையறுநிலையோடு ஓர் ஒப்புநோக்கு

தலைவன் இறந்தபின் எஞ்சியோர் செயலற்றுப் புலம்புதலைத் தமிழிலக்கணம் கையறுநிலை என்னும் துறையாக வகுத்தது. தொல்காப்பியம் அதனைக் காஞ்சித் திணையுள் வைக்க, புறநானூற்றுப் பாடல்களுக்குத் துறை வகுத்தோர் பொதுவியல் திணையுள் அடக்கினர். அதியமானை இழந்த ஔவையாரும் பாரியை இழந்த அவன் மகளிரும் பாடியவை இத்துறையின. இப்பாடல்களில் இறந்தவனின் ஈகை பேசப்படுகிறது. அவனோடு தொடர்புடைய பொருள்களும் இடங்களும் பயனற்றுப் போயினவாகக் காட்டப்படுகின்றன. இனிச் சூடுவாரில்லை, இனிப் பெறுவாருமில்லை கொடுப்பாருமில்லை என்பதே அவற்றின் அடிநாதம்.

ஈகையைப் பேசுதல் கைகாக்ஸுக்கான இரங்கலிலும் உண்டு. தம் இளமைக்குத் தோழரையும், தனிமைக்கு இடத்தையும், கற்பனைக்குக் கருவியையும் அவர் தந்தார் என்பதே ஆர்வலர் கூற்றுகளின் சாரம். ஆனால் பொருள்கள் பயனற்றுப்போதல் இங்கு நிகழவில்லை. பகடை உருண்டது, தாள்கள் நிரப்பப்பட்டன. புரவலனின் கொடை அவன் கையிலிருந்தே வரவேண்டும். அவன் மாய்ந்தால் கொடையும் மாயும். விதியைக் கொடுத்தவரின் கொடையோ கொடுத்த அன்றே பெற்றவர் கைக்கு மாறிவிடுகிறது. எனவே அவர் மறைவில் துயர் இருந்தும் கை அறவில்லை.

இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தலாகாது. நேரில் பழகியோர்க்கும் குடும்பத்தார்க்கும் அவர் இன்மை ஈடுசெய்யவியலாதது. அவர் தலைமையேற்று நடத்திய மேசை மீண்டும் கூடாது. அவர் குரலில் அந்தப் படிக்கட்டின் இருளைக் கேட்டோர்க்குப் பிறர் குரல் மாற்றாகாது. அவ்வளவில் அது முழுமையான கையறுநிலையே. நேரிற் காணாத ஆர்வலரின் இரங்கலை மட்டுமே மேற்கூறிய வேறுபாடு சாரும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பாத்திரமேற்பு விளையாட்டின் ஆர்வலர் படைப்பில் பங்கேற்போர் ஆதலின், அவர்தம் இரங்கலும் பங்கேற்பாகவே அமைந்தது. அவ்விரங்கலின் நகைச்சுவை, மேசையில் பாத்திரங்களின் இறப்பை எதிர்கொண்டு பழகிய மொழியிலிருந்து பிறந்தது. அதனை மதிப்பின்மையாகக் கொள்ளுதல் பிழை. 1980களில் பழிக்கு ஆளான ஒரு சமூகம் தன்னைப் பலரறிய ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பாகவும் அது விளங்கியது. அடுத்து நிகழ்ந்த ஆர்னெசனின் மறைவு, ஒருவரையே முன்னோடியாகக் கொண்ட நினைவைத் திருத்தியது. கூட்டாகப் படைக்கப்படும் கலைக்குத் தந்தை ஒருவரே எனக் கூறுதல் அக்கலையின் இயல்புக்கே முரணானது.

பாத்திரம் மாய்ந்தபின் புதிய தாளை எடுக்கும் வழக்கத்தை ஆட்டக்காரர்கள் அவ்விதிநூல்களிலிருந்தே கற்றிருந்தனர். அவற்றை எழுதியவரின் இறுதிச் சடங்கு முடிந்தபின் அவர்கள் செய்ததும் அதுவே.